மெயின்டனன்ஸ் இல்லாத தோட்டம்

டிங்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. கொலுசு என்று சொல்ல முடியாது. கரண்டி என்றும் சொல்ல முடியாது. யாரோ கண்ணாடி டம்ளரை நகத்தால் சுண்டிய மாதிரி, ஒரே ஒரு டிங்.

அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாப்பா கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டே பின்கதவைத் திரும்பிப் பார்த்தாள். நமக்குத் தெரியாததெல்லாம் குழந்தைகள் கண்ணுக்குத் தெரியும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கிளப்பிவிட்டவர்கள் நன்றாகத் தூங்குகிறவர்களாக இருக்க வேண்டும்.

"என்னங்க."

முன்னறையில் என் வீட்டுக்காரர் ஜெரோம் கட்டிலில் மல்லாந்து படுத்து, போனில் யாருடைய தோட்டத்தையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்."

"தோட்டத்துல சத்தம் கேட்குதுங்க."

"என்னா சத்தம்?"

"டிங்குன்னு."

"டிங்குன்னா?"

"டிங்குன்னா டிங்குதாங்க. அதுக்கு மேல நான் எப்பிடி சொல்றது?"

"பூனையா இருக்கும்."

"பூனை மியாவ்னுதானே கத்தும்?"

"எல்லாப் பூனையும் ஒரே மாதிரியா கத்தும்? நீ கான்வென்ட்ல படிச்ச பூனையையே நெனச்சிட்டிருக்க."

இவரோடு மேற்கொண்டு பேசிப் பயனில்லை. நான் எழுந்துபோய் கேஸ் சிலிண்டரை உருட்டிவந்து பின்கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். அதன்மேல் கிரைண்டர் கல்லை ஏற்றினேன். அதன்மேல் அரிசி டப்பா. எங்கள் வீட்டில் சாயங்காலமானால் சமையலறை முழுவதும் கதவோரம் குடியேறிவிடும்.

ஏனென்றால் எங்கள் பின்கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. வெளிப்பக்கம் இருந்தது. திருடன் யாராவது வந்தால், எங்களை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு நிம்மதியாக முன்பக்கமாக வந்து வேலையைப் பார்க்கலாம். அவ்வளவு வசதி.

இதெல்லாம் ஒரு கம்பளிப்பூச்சியால் வந்தது.

முன்பு எங்கள் தோட்டத்தில் ஒரு முருங்கை, ஒரு கொய்யா, கறிவேப்பிலை, துணி துவைக்கிற கல், கொடி எல்லாம் இருந்தன. மூலையில் பாத்ரூம். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது முருங்கையிலிருந்து ஒரு கம்பளிப்பூச்சி அவர் சட்டைக் காலருக்குள் விழுந்துவிட்டது. கோயிலில் எல்லாரும் மண்டியிட்ட நேரத்தில் இவர் எழுந்து குதித்தார். பக்கத்திலிருந்தவர்கள் ஆவி இறங்கிவிட்டது என்று அல்லேலூயா சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிப்போட்டுச் சபதம் செய்தார்.

"நான்சி, இனிமே இந்தத் தோட்டத்துல உசுரோட ஒண்ணும் இருக்கக் கூடாது."

அப்போது நான் தோட்டத்தில் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே முருங்கை போனது. கொய்யா போனது. துவைக்கிற கல்லை யாரோ வந்து தூக்கிப்போனார்கள். வெறும் செம்மண்ணில் பாத்ரூம் மட்டும் தனியாக நின்றது. ராத்திரியில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே போகும்போது, நான் ஏதோ தப்பு செய்துவிட்டு நாடு கடத்தப்படுகிற மாதிரி இருக்கும்.

"லோ மெயின்டனன்ஸ் மாடர்ன் தோட்டம்" என்று பேர் வைத்துப் போனில் ஒரு டிசைன் போட்டுக் காட்டினார். அதில் ஒரு வெள்ளைக்கார அம்மா கையில் டம்ளரோடு சிரித்தபடி நின்றாள்.

"இவ குழந்தை எங்கங்க?"

"டிசைன்ல குழந்தை வரல."

"யார்கிட்ட வுட்டுட்டு வந்து நிக்கிறா?"

"நான்சி, டிசைனைப் பாரு. இங்க பிளாஸ்டிக் புல்லு. தண்ணி ஊத்த வேணாம், வெட்ட வேணாம். இங்க கூழாங்கல்லு."

"பாப்பா வாயில போட்டுக்குவாளே?"

"இங்க உக்கார்ற எடம். சுத்தி சோலார் லைட்டு."

"துணி எங்கங்க காயப்போடறது?"

"துணி லுக்கைக் கெடுத்துடும்."

"குழந்தை இருக்குற வூட்டுல லுக்கு துணிதாங்க."

"அப்புறம் கதவு. இந்த மரக்கதவெல்லாம் பழைய ஸ்டைலு. தரையிலேர்ந்து மேல வரைக்கும் கண்ணாடி. தள்ளுனா நகரும்."

கண்ணாடி! ராத்திரி நேரத்தில் வெளியே இருக்கிறவர்கள் எங்களைப் பார்ப்பதற்கு நாங்களே செலவு செய்து வைக்கிற கண்ணாடி.

மரக்கதவை அன்றைக்கே கழற்றி விற்றுவிட்டார். கண்ணாடிக் கதவு வரும்வரைக்கும் இருக்கட்டும் என்று, யாரோ நண்பர் வீட்டில் கழற்றிய பிளாஸ்டிக் பாத்ரூம் கதவைக் கொண்டுவந்து தானே மாட்டினார். உள்பக்கத்தை வெளிப்பக்கமாக மாட்டிவிட்டார். தாழ்ப்பாள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, உள்பக்கம் ஒரு தாப்பா வெச்சிடுங்க."

"கண்ணாடிக் கதவு வரப்போகுது நான்சி. போகப்போற கதவுல யாராச்சும் ஓட்டை போடுவாங்களா?"

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

"உனக்கு எதுக்குத்தான் பயமில்ல?"

அது உண்மைதான். பாப்பா பிறந்ததிலிருந்து எனக்குப் பயம்தான் முழுநேர வேலை. தூங்குகிற குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வரும். வந்தால், ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது என்று பயம். பயம் வந்தால் 'அருள் நிறைந்த மரியே' சொல்லுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். மாதாவே சலித்துப்போயிருப்பார்கள். எனக்குத் தோட்டம் வேண்டாம், லுக்கு வேண்டாம். கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் போதும்.

அது கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு குட்டியானை வண்டி நிறையத் தட்டு வந்தது.

இவர் எங்கள் ஊர் செராமிக் கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் பார்க்கிறார். பெட்டி கட்டி அனுப்புகிற வேலை. சூளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் கையைக் காட்டுவார். கிட்டே போனதில்லை, சூடாம். அங்கே கழித்துப்போட்ட பீங்கான் தட்டுகளை, "எடுத்துட்டுப் போனா போதும்" என்று கொடுத்திருக்கிறார்கள். பளபளவென்று பச்சையும் நீலமும் வெள்ளையுமாகப் பாத்ரூமுக்குப் போகிற வழியில் மலைபோலக் குவித்துவிட்டார்.

"இதை வெச்சு என்னாங்க செய்றது?"

"ஒடைச்சுத் தரை பூராப் பதிக்கிறோம். மொசைக்! ஆயுசுக்கும் தொடப்பமே எடுக்க வேணாம்."

"மழையில வழுக்குமேங்க."

"டிசைன்ல யாரும் வழுக்கி விழலியே."

அந்தத் தட்டுகள் வந்த சாயங்காலத்திலிருந்துதான் டிங்.

அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு முறை. பொழுது சாய்ந்து கொஞ்சம் குளிர் இறங்கினால் போதும், தொடங்கிவிடும். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியக்கா ஒருநாள் காலையில் காம்பவுண்டு சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"யம்மா நான்சி, பொழுதுபோனா உங்க தோட்டத்துல யாரு கொலுசு போட்டுக்கிட்டு நடக்குறது?"

"உங்களுக்கும் கேட்டுதாக்கா?"

"எங் காது என்னா அவிஞ்சா கெடக்குது? நல்லாக் கேட்டன். ஒத்தக்காலு."

"ஒத்தக்காலா?"

"ரெண்டு காலுன்னா ரெண்டு சத்தம் வரணுமில்ல? டிங்குன்னு ஒண்ணுதான வருது."

அந்தக் கணக்கை என்னால் மறுக்க முடியவில்லை. இரண்டு கால் பேயென்றால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஒற்றைக்கால் என்றால் அந்தக் கால் எப்படிப் போயிருக்கும், யார் எடுத்திருப்பார்கள், அது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்திருக்குமோ என்றெல்லாம் யோசனை ஓடியது.

இவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"ஒத்தக்கால்ல எப்பிடி நடக்கும்? குதிக்கத்தான முடியும்! நான்சி, நாம படிச்சவங்க."

"படிச்சவங்க வூட்டுல தாப்பா உள்பக்கம் இருக்குங்க."

"பாரு, சுத்திச் சுத்தி அங்கயே வர்ற."

உண்மை தெரிந்தது ஒரு மத்தியானம். பாப்பாவின் பால் பாட்டில்களை வேகவைத்த தண்ணீரைக் கொட்டப் பின்பக்கம் போனேன். பாத்ரூம்வரை போகப் பட்டப்பகலிலும் தைரியம் வராததால், வாசலிலிருந்தே அந்தத் தட்டுக் குவியலின்மேல் வீசினேன்.

டிங்.

பாத்திரத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தேன். ஓடிவந்த பிறகுதான் யோசித்தேன். பட்டப்பகல். யாருமில்லை. நான் ஊற்றினேன், அது சத்தம் போட்டது. மறுபடி கொஞ்சம் வெந்நீர் எடுத்துப்போய் ஊற்றினேன். டிங். இன்னும் கொஞ்சம். டிங், டிங்.

ஒரு தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே பளபளப்புப் பூச்சில் தலைமுடி மாதிரி மெல்லிய விரிசல், அப்போதுதான் விழுந்தது. மேல்பூச்சுக்கும் உள்ளே இருக்கிற மண்ணுக்கும் ஒத்துப்போகவில்லை. சூடுபட்டால் ஒன்று ஒரு பக்கம் இழுக்கிறது, ஆறினால் இன்னொன்று இன்னொரு பக்கம் இழுக்கிறது. நடுவில் டிங்கென்று வெடிக்கிறது. அதனால்தான் கம்பெனியில் கழித்துப்போட்டிருக்கிறார்கள். பகல் முழுக்க வெயிலில் காய்ந்து, பொழுது சாய்ந்து குளிரும்போது தானாகவே பாடுகிறது. வெளியே பளபளவென்று, உள்ளே ஒத்துப்போகாமல், சாயங்காலமானால் சத்தம். குடும்ப வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எடுத்துச்சொன்னதில்லை.

முதலில் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்து வந்ததால் பாப்பா பயந்து அழுதாள்.

அப்புறம் யோசனை வந்தது.

இவரிடம் சொன்னால் என்ன ஆகும்? "பாத்தியா, வெறும் தட்டுதான், இதுக்கா தாப்பா கேட்ட?" என்பார். பேய் போய்விடும். ஆனால் கதவு அப்படியேதான் இருக்கும். மனிதன் வரலாம், நாய் வரலாம், பாம்பு வரலாம். பேயைவிட அதெல்லாம் பெரிய பயம். அதனால் பேய் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

அன்றையிலிருந்து பால் பாட்டில் வேகவைக்கிற நேரத்தை மாற்றினேன். இவர் வேலை முடிந்து வந்து, முகம் கழுவப் பாத்ரூமுக்குப் போகிற நேரம். அவர் உள்ளே போனதும் நான் வெந்நீரைக் குவியலில் ஊற்றிவிட்டு வந்து பாப்பாவுக்கு அருகில் உட்கார்ந்துகொள்வேன்.

டிங். டிங் டிங்.

"நான்சி!"

"என்னங்க?"

"இங்க யாரு?"

"நான் உள்ளதாங்க இருக்கேன்."

வெளியே வந்தார். முகத்தில் சோப்பு அப்படியே இருந்தது.

"பூனைதான்" என்றார்.

"ஆமாங்க. எல்லாப் பூனையும் ஒரே மாதிரியா கத்தும்?"

மூன்றாம் நாள் சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"நான்சி, அந்தக்கா ஒத்தக்காலுன்னா சொன்னாங்க?"

"ஆமாங்க."

"எந்தக் காலாம்?"

அதற்கப்புறம் பொழுது சாய்ந்தால் அவர் தனியாகப் பின்பக்கம் போவதில்லை.

"நீயும் பாப்பாவத் தூக்கிட்டு வா நான்சி. உள்ள தனியா இருந்தா நீ பயப்படுவ."

நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வெறும் செம்மண்ணில் நிற்பேன். அவர் நட்டுவைத்திருந்த சோலார் லைட்டுகள் காய்ச்சல் வந்த மின்மினி மாதிரி முணுக்முணுக்கென்று இருக்கும். எனக்கும் பயமாகத்தான் இருக்கும். விஷயம் தெரிந்தால் மட்டும் பயம் போய்விடுகிறதா?

"நான்சி, இருக்கியா?"

"இருக்கேங்க."

"பேசாம இருந்தா எப்பிடித் தெரியும்? பாடு."

"என்னா பாடறது?"

"ஏதாச்சும் கோயில் பாட்டு. சத்தமா."

பாடினேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கொளஞ்சியக்கா கேட்டாள்: "என்னா நான்சி, வூட்டுல விசேஷமா?"

"இல்லக்கா. அவரு பாத்ரூம்ல இருக்காரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து ஒரு பாட்டில் தீர்த்தம் வாங்கிவந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தெளிக்கலாம் என்றார். நல்லது என்று வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன். வெயில் உச்சிக்கு வந்து, தட்டுகள் தோசைக்கல்லாகக் காய்ந்த நேரத்தில் எடுத்துக்கொடுத்தேன். கையில் பிடிக்க முடியாத ஜில்லிப்பு.

இவர் சிலுவை போட்டுக்கொண்டு குவியலின்மேல் தெளித்தார்.

டிங் டிங் டிங் டிங் டிங்! ஒரு பாடகர் குழுவே எழுந்து நின்று பாடியது.

பாட்டில் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். இவர் முன்னறைக் கட்டிலில்.

"தீர்த்தத்துக்கே கட்டுப்படல நான்சி!"

"பட்டப்பகல்லயே வந்துடுச்சேங்க."

"நெறைய காலு நான்சி. அந்தக்கா சொன்னது பொய்யி. நெறைய காலு!"

மறுநாள் வேலையிலிருந்து வரும்போது அவர் கையில் ஒரு பொட்டலம். பிரித்தார். தாழ்ப்பாள். ஒன்றல்ல, இரண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று. மாட்டுக்கொட்டகைக்குப் போடுகிற அளவில், ஒவ்வொன்றும் என் முன்கை நீளம்.

"போகப்போற கதவுல ஓட்டை போடலாமாங்க?"

"எங்க போவப்போவுது? கண்ணாடிக் கதவும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீ டார்ச்சைப் பிடி."

இருட்டுவதற்குள் இரண்டையும் உள்பக்கமாக முடுக்கிவிட்டார். நான் சிலிண்டரை அடுப்பிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கிரைண்டர் கல் கிரைண்டருக்குள் போனது. சமையலறை மறுபடி சமையலறையானது. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்படி உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று! அத்தோடு நான் விட்டிருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு நடுவில் இவர் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம கொத்தனாரு வராரு. அந்தத் தட்டு அம்புட்டையும் ஒடைச்சு சிமெண்டுல பதிச்சுடறேன்."

"எதுக்குங்க?"

"அது அந்தக் குவியல்லதான் குடியிருக்குது நான்சி. சிமெண்டு போட்டுப் பொதைச்சிட்டா எங்கேர்ந்து வரும்? தோட்டமும் ஆச்சு. மெயின்டனன்ஸே இல்லை."

"மழை வந்தா வழுக்குங்க. பாப்பா இப்பதான் செவுத்தப் புடிச்சு நிக்கிறா."

"பேய் இருக்குற தரை பரவால்லியா, வழுக்குற தரை பரவால்லியா, நீயே சொல்லு."

பேய் இல்லையென்று சொன்னால் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். இவரைத் தெரியும். சொல்லாவிட்டால் தோட்டம் முழுக்கக் கண்ணாடி மாதிரி தரை. பாப்பா நடக்கத் தொடங்கி, பின்மண்டை அடிபட விழுகிற சத்தம் எனக்கு இப்போதே கேட்டது. ஒரே வழி, குவியல் வந்த வண்டியிலேயே கம்பெனிக்குத் திரும்பிப் போக வேண்டும். அதற்கு இவர் இதுவரை பயந்த பயம் போதாது. கடைசியாக ஒரு பெரிய பயம் வேண்டும்.

சாப்பிட்டு முடித்து, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார். தலைவலி, உள்ளறையில் படுக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, நான் இட்லிப் பானை நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்தேன். கைப்பிடித் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, ஓசைப்படாமல் கதவைத் திறந்து வெளியே வந்தேன். நிலா இல்லை. தூரத்து ரயில் ஜங்ஷனில் ஒரு கூட்ஸ் வண்டி கூவி ஓய்ந்தது. சோலார் லைட்டுகள் அணைந்துவிட்டிருந்தன. 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினேன், மீதி வரவில்லை. முழுப் பானையையும் குவியலின்மேல் கவிழ்த்தேன்.

ஆவி புகைபோல எழுந்தது. டிங் டிங் டிங்கென்று தொடங்கி, பிறகு எண்ண முடியாத சத்தம். நானே செய்ததுதான், நானே எதிர்பார்த்ததுதான். ஆனாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பானையைப் போட்டுவிட்டுக் கதவை நோக்கி ஓடினேன்.

உள்ளே முன்னறையிலிருந்து இன்னொருவரும் ஓடிவந்துகொண்டிருந்தார். திடுதிடுவென்று காலடி. கதவு என் மூக்குக்கு முன்னால் படாரென்று சாத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது.

சத்தம் வராத தொண்டையோடு கதவைத் தட்டினேன்.

"நான்சி!" என்று உள்ளேயிருந்து கத்தினார். "நீ படுக்கையை வுட்டு எறங்காத! நான் பாத்துக்கறேன்! எவ வந்து தட்டுனாலும் தெறக்க மாட்டேன்!"

கீழ்த் தாழ்ப்பாளும் விழுந்தது.